வாரிசுக்குச் சேராத தோட்டங்கள்: பண்டைய ரோமர்களின் குடும்பக் கல்லறைகள்

ஒரு குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்துவிட்டால், அல்லது வாரிசின்றி அற்றுப்போனால், அக்குடும்பத்தாரின் கபர்களைக் கவனிப்போர் யார்? மையவாடியின் மதில், கிணறு, பாதை ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூத்த உறுப்பினர்கள் இக்கேள்வியை எழுப்புவதை நாம் கேட்டிருக்கிறோம். இது நம் காலத்துக்கு மட்டும் உரிய கவலையன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமப் பேரரசில் வாழ்ந்த மக்களையும் இதே கவலை வாட்டியது. அதற்கு அவர்கள் கண்ட விடை விந்தையானது. கல்லறையைச் சுற்றித் தோட்டம் போட்டார்கள். அந்தக் கல்லறை தம் வாரிசுக்குச் சேராது என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இவ்வாண்டு மலரில் நம் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

ரோமர்களின் நம்பிக்கைகளும் சடங்குகளும் நம்முடையவற்றினின்று முற்றிலும் வேறானவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர்கள் பல தெய்வங்களை வணங்கியவர்கள். நாம் பேசும் காலத்தின் முற்பகுதியில் பெரும்பாலோர் சடலத்தை எரித்துச் சாம்பலைக் கலயத்தில் இட்டுக் கல்லறையில் வைத்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் உடலை அப்படியே அடக்கும் வழக்கம் ரோமாபுரியில் படிப்படியாகப் பரவியது. நம் கவனம் அச்சடங்குகளில் அன்று. நிலத்தையும் சட்டத்தையும் அவர்கள் கையாண்ட முறையிலேயே.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்றப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், நகருக்குள் எவரையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று விதித்தது. இறுதிச் சடங்கில் ஆடம்பரம் கூடாது, சடலத்தோடு பொன் வைக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறியது. ஆனால் பல்லைக் கட்டுவதற்குப் பயன்படுத்திய பொன்னை மட்டும் அப்படியே விட்டுவிடலாமாம்! பிணத்தின் வாயைத் திறந்து பொன்னைப் பிடுங்கும் அவலம் வேண்டாமென எண்ணினர் போலும்.

நகருக்குள் இடமில்லை என்றானபின், நகர வாயிலைத் தாண்டியதும் சாலையின் இருமருங்கிலும் கல்லறைகள் எழுந்தன. கி.மு. 312-இல் போடத் தொடங்கிய ஆப்பியன் சாலையில் இன்றும் மைல் கணக்கில் அவற்றின் சிதைவுகளைக் காணலாம். எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரின் வாயில்களுக்கு வெளியேயும் அதே காட்சிதான். வழிப்போக்கர் நின்று பெயரைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே பலர் சாலையோரத்து இடத்தை விரும்பினர். பல கல்வெட்டுகள் வழிப்போக்கரை நேரடியாக விளித்தே பேசுகின்றன.

இது வசதி படைத்தோர் கதை. ஏழைகளின் நிலை வேறு. ரோமாபுரியின் கிழக்கே எஸ்குவிலின் மேட்டில் இருந்த பொதுக் குழிகளில் அடிமைகளின் சடலங்களும் நகரத்துக் குப்பையும் ஒன்றாக வீசப்பட்டன. அங்கே பிணத்தையும் குப்பையையும் போடக் கூடாது எனத் தடைவிதித்து அதிகாரி ஒருவர் நட்ட எல்லைக் கற்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பின்னர் அகஸ்டஸின் நண்பரான மிசேனஸ் என்ற பெருஞ்செல்வர் அவ்விடத்தை மண்ணிட்டு மூடி, அதன்மேல் தமக்குப் பூங்கா அமைத்துக்கொண்டார். அவரது ஆதரவில் வாழ்ந்த கவிஞர் ஹொராஸ், இனி எஸ்குவிலினில் ஆரோக்கியமாக வாழலாம் என்று மகிழ்ந்து எழுதினார். அடியில் கிடந்தவர்களுக்காகப் பேச யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நிலமும் சட்டமும்

ரோமச் சட்டத்தில் ஒரு கோட்பாடு உண்டு. ஒருவர் தமக்குச் சொந்தமான நிலத்தில் இறந்தவரை அடக்கம் செய்த அக்கணமே அவ்விடம் மனிதரின் உடைமை என்ற நிலையினின்று நீங்கிவிடும். அதன்பின் அதை விற்கவோ வாங்கவோ இயலாது. அரசாணையோ பூசாரியின் சடங்கோ தேவையில்லை. அடக்கம் ஒன்றே போதும். அடிமையின் கல்லறைக்கும் இதே மதிப்பு உண்டு என அரிஸ்டோ என்ற சட்ட அறிஞர் கருத்துரைத்துள்ளார். உயிரோடிருந்தவரை சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட ஒருவன், இறந்தபின் எவராலும் விற்க முடியாத ஆறடி நிலத்துக்கு உரியவனானான்! சுற்றியுள்ள நிலத்தை விற்றாலும் கல்லறைக்குச் சென்றுவர வழிவிடும் உரிமை பேணப்பட்டது. கல்லறையைச் சேதப்படுத்தினால் உறவினர் வழக்குத் தொடுக்கலாம். உறவினர் இல்லையெனில், அல்லது அவர்கள் முன்வரவில்லையெனில், குடிமக்களில் எவரும் வழக்குத் தொடுக்கலாம். அதற்குரிய தண்டம் 100 பொற்காசுகள்.

கேட்பதற்கு உறுதியான பாதுகாப்பாகவே தோன்றுகிறது. ஆயினும் இதில் ஓர் ஓட்டை இருந்தது. அடக்கத்துக்கென ஒதுக்கிய நிலம் முழுவதும் விற்பனைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது, உடல் கிடக்கும் இடம் மட்டுமே அவ்வாறாகும் என்பது செல்சஸ் என்ற அறிஞரின் தீர்ப்பு. ஆக, கல்லறைக்குக் காப்பு உண்டு. அதைச் சுற்றியுள்ள தோட்டத்துக்கோ கிணற்றுக்கோ காவலாளியின் குடிசைக்கோ சட்டத்தின் காப்பு தானாக வந்து சேராது.

இரண்டாவது சிக்கல் வாரிசு. உயிலின் வழியே வரும் வாரிசு பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. முற்றிலும் அயலாராகவும் இருக்கலாம். குடும்பக் கல்லறை, வாரிசுரிமைக் கல்லறை எனச் சட்டம் இரண்டு வகை கண்டது. முதல் வகை அக்குடும்பத்தாருக்கே உரியது. இரண்டாவது வகையில் சொத்து யாரிடம் போகிறதோ கல்லறை உரிமையும் அவரிடம் போகும். அவ்வாறு போய்விட்டால் புதியவர் தம் உறவினரைக் கொண்டுவந்து அதில் வைப்பார். இதைத் தடுக்கவே ஆயிரக்கணக்கான கல்லறைகளின் முகப்பில் ஒரே வாசகம் வெட்டப்பட்டது: இக்கல்லறை வாரிசைச் சேராது. இவ்வாசகம் அவ்வளவு பரவலாக இருந்தமையால் முழுச் சொற்களையும் வெட்டாமல் முதலெழுத்துகளை மட்டும் வெட்டி நிறுத்திக்கொண்டனர். அதனருகே, முகப்பில் இத்தனை அடி, உட்புறம் இத்தனை அடி என நிலத்தின் அளவும் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போடுவது எல்லாக் காலத்துக்கும் உரிய பழக்கம் அல்லவா?

தோட்டம் எதற்கு?

நம் ஊர்களில் கிறிஸ்தவ சகோதரர்கள் தம் அடக்கத்தலத்தைக் கல்லறைத் தோட்டம் என்றே அழைக்கக் கேட்டிருக்கிறோம். ரோமர்களிடையே அது சொல்லளவில் நில்லாமல் மெய்யாகவே தோட்டமாக இருந்தது. தோட்டக் கல்லறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அவர்களும் கல்வெட்டுகளில் எழுதினர். எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு வெளியே, கல்லறைகளும் தோட்டங்களும் நிறைந்த புறநகர்ப் பகுதியைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிட்டுள்ளார்.

நிழலுக்கும் அழகுக்கும் மட்டும் தோட்டம் போட்டிருந்தால் நாம் இதை எழுத வந்திருக்க மாட்டோம். அதன் உள்நோக்கம் வருமானம். பழமரங்கள், திராட்சைக் கொடிகள், காய்கறிப் பாத்திகள், பூச்செடிகள் ஆகியவற்றின் விளைச்சலிலிருந்து காவலாளிக்குக் கூலி கிடைக்கும். விளக்குக்கு எண்ணெய் கிடைக்கும். நினைவு நாள்களுக்குப் பூவும் உணவும் கிடைக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி 13 முதல் 21 வரை இறந்தோருக்கான நாள்கள். பூமாலை, தானியம், உப்பு ஆகிய எளிய பொருள்களோடு குடும்பத்தார் கல்லறைக்குச் செல்வர். ஊதாப்பூக்காலத்திலும் ரோஜாக்காலத்திலும் தனித்தனியே நினைவு நாள்கள் உண்டு. குடும்பத்தாரின் கையிருப்பை எதிர்பாராமல், கல்லறை தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. வக்ஃபு ஆவணங்களைப் படித்துப் பழகிய நம் உறுப்பினர்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்றாது.

பெட்ரோனியஸ் எழுதிய நையாண்டிப் புதினம் ஒன்றில் டிரிமால்கியோ என்ற புதுப்பணக்காரன் வருகிறான். விருந்தின் நடுவே தன் கல்லறை எப்படி அமைய வேண்டுமென உரக்கக் கட்டளையிடுகிறான். முகப்பு 100 அடி, உட்புறம் 200 அடி; எல்லாவகைப் பழமரங்களும் ஏராளமான திராட்சையும் வேண்டும்; வாரிசுக்குச் சேராது என்று எழுத வேண்டும்; மக்கள் வந்து அசுத்தம் செய்யாதபடி ஒரு காவலாளும் வேண்டும். வாசகர் சிரிப்பதற்காக எழுதப்பட்ட பகுதி இது. ஆனால் அவன் கேட்டவை அனைத்தும் மெய்யான கல்வெட்டுகளில் மெய்யான மனிதர்கள் கேட்டவையே. அளவு மட்டும்தான் மிகை. சாதாரணக் குடும்பத்தின் இடம் பெரும்பாலும் 12 அடிக்கு 12 அடி என்ற அளவில்தான் இருந்தது.

மெய்யான உயில் ஒன்றும் கிடைத்துள்ளது. இன்றைய பிரான்சில் லாங்ர் நகரைச் சார்ந்த லிங்கோனெஸ் மரபைச் சேர்ந்த செல்வர் ஒருவரின் உயில் அது. கல் மறைந்துவிட்டது, மத்திய காலத்தில் எவரோ ஏட்டில் எடுத்த படி தப்பியது. தம் நினைவிடத்தில் குறைந்தது 5 அடி உயரமுள்ள அமர்ந்த சிலை ஒன்று வேண்டும் என்கிறார். பழத்தோட்டமும் குளமும் பேணப்பட வேண்டும் என்கிறார். அதற்கு மூன்று தோட்டக்காரர்களையும் அவர்களிடம் தொழில் பயில்வோரையும் நியமித்து, தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 60 மோடியஸ் கோதுமை அளக்கச் சொல்கிறார். அது நம் கணக்கில் 500 லிட்டருக்குச் சற்று அதிகம். மேற்பார்வையைத் தாம் விடுதலை செய்த அடிமைகள் இருவரிடம் ஒப்படைக்கிறார். தம் வேட்டைக் கருவிகளைத் தம்மோடு எரித்துவிடும்படியும் எழுதுகிறார். தோட்டக்காரனின் கோதுமை அளவு வரை யோசித்த அம்மனிதரின் கல்லறை இன்று எங்கே எனச் சுட்டிக்காட்ட ஒரு கல்லும் இல்லை.

பெயரைச் சுமந்தவர்கள்

மேற்பார்வையை ஏன் விடுதலை பெற்ற அடிமைகளிடம் கொடுத்தனர்? இங்கேதான் ரோமர்களின் ஏற்பாட்டின் உயிர்நாடி இருக்கிறது. ரோமக் குடிமகன் ஒருவர் தம் அடிமையை முறைப்படி விடுதலை செய்தால், அவன் தன் எசமானின் குடும்பப் பெயரையே தன் பெயராகப் பெறுவான். அவன் பிள்ளைகளும் அப்பெயரையே தாங்குவர். பெற்ற பிள்ளைகள் இல்லாமற் போகலாம். விடுதலை பெற்றோரின் சந்ததியோ பல கிளைகளாகப் பெருகி நிற்கும். ஆகவே கல்லறை தம் பெயரை விட்டு வெளியே போகலாகாது என எண்ணியோர், தமக்கும், தம்மைச் சேர்ந்தவர்க்கும், தம்மால் விடுதலை பெற்ற ஆண் பெண் இருபாலர்க்கும், அவர்தம் சந்ததிக்கும் என்று எழுதி வைத்தனர். வாரிசைத் தள்ளிவிட்டு, முன்னாள் அடிமைகளைக் கல்லறையின் உரிமையாளராக்கிய வாசகம் இது. அன்பினால் எழுதியோரும் இருந்திருப்பர். கணக்குப் போட்டு எழுதியோரும் இருந்திருப்பர். நம் மதிப்பீட்டில் கணக்கே மேலோங்கி நின்றது.

கிளாடியஸ் பேரரசரின் மகள் ஒக்டேவியாவால் விடுதலை பெற்ற கிளாடியா பெலோரிஸ் என்ற பெண்மணியும், பேரரசரால் விடுதலை பெற்ற யூடிகஸ் என்பவரும் ஒரு படி மேலே சென்றனர். தம் கல்லறையையும் காவலாளியின் கட்டடத்தையும் சளவைக்கல்லில் வரைபடமாகவே செதுக்கி, தம் சகோதரியர்க்கும் தம்மால் விடுதலை பெற்றோர்க்கும் அவர்தம் சந்ததிக்கும் விட்டுச் சென்றனர். பத்திரத்தோடு வரைபடத்தையும் இணைப்பதைப் போன்றது இது. இத்தாலியின் பெருஜியா அருங்காட்சியகத்தில் அக்கல் இன்றும் உள்ளது.

ஓஸ்டியா துறைமுகத்துக்கு அருகே இசோலா சாக்ரா என்னும் இடத்தில் வணிகர்களும் கைவினைஞர்களும் கட்டிய கல்லறைத் தெரு ஒன்று மணலில் புதைந்து கிடந்தது. 1920-களிலும் 1930-களிலும் குய்தோ கால்சா என்ற ஆய்வாளர் அதை அகழ்ந்தார். சிறு வீடுகளைப் போன்ற கல்லறைகள். கதவு, சாளரம், வாசலில் அமர்ந்துண்ண மேடை, சிலவற்றில் கிணறும் அடுப்பும் உண்டு. ஸ்கிரிபோனியா அட்டிகே என்ற மருத்துவச்சியின் கல்லறை கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் பிரசவம் பார்க்கும் காட்சியும், அவருடைய கணவர் ஒருவரின் காலுக்குச் சிகிச்சை செய்யும் காட்சியும் சுடுமண் பலகைகளில் உள்ளன. தமக்கும், கணவர்க்கும், தாயார்க்கும், தம்மால் விடுதலை பெற்றோர்க்கும், அவர்தம் சந்ததிக்கும் எனக் கல்வெட்டு விரிந்துகொண்டே போய், சட்டென ஒரு விலக்கு வைக்கிறது: பனராட்டஸ், புரோஸ்டோகியா இருவர் நீங்கலாக. அவ்விருவரும் செய்த பிழை என்ன? கல் அதைச் சொல்லவில்லை. குடும்பத்துச் சண்டை ஒன்று 1800 ஆண்டுகளுக்கும் மேலாக வாசலிலேயே நிற்கிறது. பேரரசர் அகஸ்டசும் இதையே செய்தார். தம் மகள் ஜூலியாவையும் அதே பெயர் கொண்ட பேத்தியையும் தம் மாபெரும் கல்லறையில் வைக்கலாகாது என்று உயிலில் எழுதினார்.

இசோலா சாக்ராவில் இன்னொன்றையும் காண வேண்டும். அழகிய கல்லறைகளுக்கு இடையே வெற்று மணலில் மண்சாடிகளின் கழுத்துகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கல்லறை கட்ட வசதியற்றோரை அடக்கிய இடங்கள் அவை. உடைந்த எண்ணெய்ச் சாடியே அவர்களுக்கு மீசான் கல்.

அவ்வாறு ஆகிவிடக் கூடாதென அஞ்சிய எளியோர் சங்கம் சேர்ந்தனர். ரோமாபுரிக்கு அருகே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136-இல் வெட்டப்பட்ட சங்க விதிகள் முழுமையாகவே கிடைத்துள்ளன. நுழைவுக் கட்டணம் 100 செஸ்டர்ஸ், அதனுடன் அவர்கள் வழக்கப்படி ஒரு சாடி நல்ல மது. மாதச் சந்தா 5 செப்புக்காசு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 15 செஸ்டர்ஸ். உறுப்பினர் இறந்தால் இறுதிச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ் கிடைக்கும். அதில் 50 ஊர்வலத்தில் வந்தோருக்குப் பங்கிடப்படும். அடிமைகளும் உறுப்பினராகலாம். அடிமை இறந்து, கொடிய எசமான் சடலத்தைத் தர மறுத்தால், அவனது உருவத்தை வைத்தேனும் இறுதிச் சடங்கு நடத்தப்படும் என்ற விதியைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. விருந்தில் இடம்விட்டு இடம் மாறி அமளி செய்தால் 4 செஸ்டர்ஸ், பிறரை ஏசினால் 12, தலைவரை ஏசினால் 20 என அபராதமும் உண்டு. முறையீடு இருந்தால் கூட்டத்தில் சொல்க, விருந்தில் சொல்லற்க என்றும் விதித்தனர். பொதுக்குழுக் கூட்டங்களில் அமர்ந்து பழகியோர்க்கு இவ்விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

பேரறிஞர் ஒருவரின் அச்சம்

வாரிசு, விற்பனை, கைமாற்றம் ஆகியவற்றைக் குறித்த அச்சத்தை மிகத் தெளிவாக எழுதியவர் சிசெரோ. சட்டமும் சொல்வன்மையும் கைவரப்பெற்றவர். அடக்கத்தலச் சட்டங்களைப் பற்றியே நூலில் விவரித்தவர். கி.மு. 45-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய அன்பு மகள் துல்லியா காலமானார். துயரம் தாளாமல் கடற்கரை வீட்டுக்கு ஒதுங்கிய சிசெரோ, நண்பர் அட்டிகஸுக்கு ஏறக்குறைய நாள்தோறும் கடிதம் எழுதினார். மகளுக்கு நினைவாலயம் ஒன்று எழுப்ப வேண்டும். அதற்கு டைபர் நதிக்கு அப்பால் தோட்டம் வேண்டும். என்ன விலையாயினும் சரி என்றார். சொந்த வீட்டிலேயே கட்டலாமே என்பதற்கு அவர் தந்த விடையே நாம் கவனிக்கத்தக்கது. உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதை எண்ணி அஞ்சுகிறேன் என்ற பொருளில் எழுதினார். நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞரே சட்டத்தை நம்பத் துணியவில்லை! தோட்டத்துக்குத் தோட்டம் விலை பேசினார். அவ்வாண்டுக் கோடையில், டைபர் நதியின் போக்கையே திருப்பிவிடும் திட்டம் சீசரிடம் இருப்பதாகச் செய்தி வர, பேசிவைத்த தோட்டமும் கைவிடப்பட்டது. கி.மு. 43 டிசம்பரில் சிசெரோ கொல்லப்பட்டார்.

அரபு மண்ணிலும் இதே கவலை கல்லில் பதிந்துள்ளது. ரோமின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்து, கி.பி. 106-இல் பேரரசோடு இணைக்கப்பட்ட நபதேய அரசில், பெட்ரா நகரத்துப் பாறைக் கல்லறை ஒன்றின் முகப்பில் நீண்ட கல்வெட்டு உள்ளது. உள்ளறைகள், முற்றம், தோட்டங்கள், விருந்துக்கூடம், நீர்த்தொட்டிகள், மதில்கள் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவையனைத்தும் அர்ப்பணிக்கப்பட்டவை, மாற்றத்தக்கவையல்ல என்கிறது. ரோமச் சட்டத்தில் தோட்டத்துக்கு இருந்த ஓட்டையை இவர்கள் ஒவ்வொன்றையும் எழுதியே அடைத்துவிட்டனர். திருக்குர்ஆனின் 15-ஆம் அத்தியாயத்தின் பெயரால் நாம் அறிந்த அல்-ஹிஜ்ர் பகுதியில், யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 111 பெருங்கல்லறைகள் உள்ளன. அவற்றில் ஆண்டு பொறித்த நபதேயக் கல்வெட்டுகள் கி.மு. 1 முதல் கி.பி. 75 வரையிலானவை. விற்றாலும், வாங்கினாலும், அடகு வைத்தாலும், வாடகைக்கு விட்டாலும், வேறு பத்திரம் எழுதினாலும் தண்டம் உண்டு என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. தண்டத்தில் ஒரு பங்கு அரசருக்கு. அரசருக்குப் பங்கு வைத்தால் அரசாங்கமே காவல் நிற்கும் என்ற நடைமுறை அறிவு இது.

ரோமாபுரியிலோ அரசாங்கமே கை வைத்தது. கி.பி. 271-இல் பேரரசர் ஆரேலியன் அவசரமாக நகர மதில் எழுப்பியபோது வழியில் நின்ற கல்லறைகள் மதிலுக்குள் அடைபட்டன. யூரிசாசஸ் என்ற ரொட்டிக் கடைக்காரரின் கல்லறை பிற்காலக் கோபுரம் ஒன்றுக்குள் மறைந்து, 1838-இல் அது இடிக்கப்பட்டபோதுதான் வெளிப்பட்டது. ஆப்பியன் சாலையில் செசிலியா மெட்டெல்லா என்ற சீமாட்டியின் வட்டக் கல்லறை 14-ஆம் நூற்றாண்டில் கோட்டையின் கொத்தளமாயிற்று. மரங்கள் சூழ்ந்த மேடாக ஸ்ட்ராபோ வருணித்த அகஸ்டஸின் கல்லறை, பின்னாளில் தனியார் தோட்டமாகவும், 1936 வரை இசை அரங்கமாகவும் பயன்பட்டு, 2021-இல்தான் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது. அதனுள் இருந்த அவருடைய பேத்தி அக்ரிப்பினாவின் சாம்பல் வைத்த சளவைக்கல், மத்திய காலத்தில் ரோமாபுரிச் சந்தையில் தானியம் அளக்கும் மரக்காலாகப் பயன்பட்டது!

வத்திக்கான் குன்றின் சரிவில் இருந்த கல்லறைத் தெருவுக்கு வேறு விதி நேர்ந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் பெரும் தேவாலயம் கட்ட எண்ணியபோது, அத்தெருவின் கூரைகளைத் தகர்த்து, மண்ணைக் கொட்டி நிரப்பினார். அதனாலேயே, எவராலும் விற்கவோ பெயர்க்கவோ இயலாமல், 1940-களில் தோண்டும் வரை அவை அப்படியே கிடந்தன. அவற்றுள் ஒன்று பொப்பிலியஸ் ஹெராக்லா என்பவருடையது. வாசலுக்கு மேல் அவர் தம் வாரிசுகளை விளித்து எழுதிய உயில் வாசகம் இருக்கிறது: வத்திக்கானில், பந்தய மைதானத்துக்கு அருகே, உல்பியஸ் நார்சிஸஸின் கல்லறையை அடுத்து, 6000 செஸ்டர்ஸ் செலவில் எனக்குக் கல்லறை கட்டுக, என் மனைவி பாடியா மாக்சிமாவும் அதில் வைக்கப்படட்டும், அதன் உரிமை என்னால் விடுதலை பெற்றோர்க்கும் அவர்தம் சந்ததிக்கும், அங்கே வரவும் போகவும் சுற்றி நடக்கவும் அவர்களுக்கு வழி இருக்கட்டும். வாரிசுகள் சொன்னபடியே கட்டியிருக்கிறார்கள். அவ்வாசலுக்கு முன்னே இருந்த தெரு இப்போது தேவாலயத்தின் அடித்தளத்தில் ஒடுங்கிய நடைபாதையாக இருக்கிறது. முன்பதிவு செய்து வருவோரைச் சிறு சிறு குழுக்களாக உள்ளே அனுமதிக்கிறார்கள்.